மாலாவின் விடுப்புக் கடிதம்

செவ்வாய், இரவு

மாலாவின் கடிதத்தை நான் ஏன் திருத்தினேன்?

இன்று பீன்யா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் என் ஆங்கில வகுப்பு. துன்பத்தைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்கள்தான் பாடம்: தோட்டாவைக் கடிப்பது, நரகத்தின் வழியே நடப்பது. தையல் பிரிவு மாலா ஒரு தாளை நீட்டினாள். மூன்று வாரமாக ரத்தம் போகிறது, டாக்டரைப் பார்க்க ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

"மிஸ், இன்னிக்கு சொல்லிக் குடுத்ததுல எத போட்டா லீவு குடுப்பாங்க?"

ரத்தம் என்ற வரியை அடித்துவிட்டு, 'நரகத்தின் வழியே நடக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதுதான் நாகரிகம் என்று பட்டது.

மேலாளர் அதை எங்கள் எதிரிலேயே சத்தமாகப் படித்தார். "இங்கிலீஷ் பிரமாதம் மேடம்." பிறகு மாலாவிடம் திரும்பினார். "இவ்ளோ அழகா எழுதத் தெம்பு இருக்குதே, அப்புறம் எதுக்கும்மா லீவு? போய் மெஷின்ல உட்காரு."

ரத்தம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லேசாகச் சிரித்து வேறு வைத்தேன்.

புதன்

மாலா விடுப்பு இல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வகுப்புப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று நான்தான் எழுதினேன். காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டேன்.