மகளின் பிடி

மச்சானுக்கு ஸலாம்.

நானும் பிள்ளையும் நல்லா இருக்கோம். பிறந்தவ முகத்தைப் பார்க்க, கோர்ட்டு வாசலில் போலீஸ் கையை உதறிட்டு ஓடிவந்தீங்க. நான் கெஞ்சினதும் மறுநாளே சரணடைஞ்சீங்க. காவலில் இருந்து தப்பினா ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனையாம். தானா திரும்பினதால குறையலாம்னு வக்கீல் சொல்றார்.

நேத்து முத்துப்பேட்டை வீட்டுக்கு ஏட்டு சிங்காரவேலு வந்தார். உங்களைத் தப்பவிட்டதுக்காக சஸ்பெண்டு ஆனவர். கதவைப் பாதிதான் திறந்தேன்.

“பயப்படாதீங்கம்மா, வேலை திரும்பக் கிடைச்சிடுச்சு. அவர் தானா வந்ததை நானே ஜட்ஜய்யாகிட்ட சொல்றேன்”னார்.

பிள்ளையைக் கேட்டு வாங்கினார். அவ அவர் மீசையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை.

“இவகிட்டேயிருந்து உங்க வீட்டுக்காரர் தப்பிக்கவே முடியாதும்மா!”

நீங்க போனதுக்கப்புறம் நேத்துதான் வாய்விட்டுச் சிரிச்சேன்.

இப்படிக்கு,
உங்க மகளைப் பெத்தவ