முதல் ஞாயிறு, பேக்கரி மாடி

பிப். 2, ஞாயிறு
காலையில் பனி. எதிர்வீடே தெரியவில்லை. மாவு புளித்துவிட்டது.
மாலை 5 மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரி மாடியில் ‘ஓபன் மைக்’. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடலாம். மாதாமாதம் முதல் ஞாயிறு. பேக்கரிக்காரர் மருமகள் வைஷ்ணவியின் ஏற்பாடு. என் பெயரை வீட்டுக்காரர்தான் கொடுத்துவிட்டார், என்னைக் கேட்காமல். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.
கீபோர்டு: ஜப்பார் பாய். வாட்ச் ரிப்பேர் கடை. முன்பு கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தவர். சுருதி எத்தனை கட்டை என்று கேட்டார். ஐந்தரை என்றேன். புருவத்தைத் தூக்கினார். அவ்வளவு உயரம் எல்லோருக்கும் வராதாம்.
வந்தது. பள்ளிக்கூட மேடைக்குப் பிறகு இன்றுதான் மைக். வயது 43. கைதட்டல். இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஆளுக்கு ஒரு பப்ஸ்.

மார்ச் 2, ஞாயிறு
வெயில் ஆரம்பம். இரண்டு பாட்டு பாடினேன். மாடியில் யாரிடமும் சொல்லவில்லை: கழுத்துக் கட்டி, தைராய்டு. 18ஆம் தேதி வேலூரில் ஆபரேஷன். எடுத்துப் போக வேண்டியவை: ஃபிளாஸ்க், இரண்டு நைட்டி, ஸ்கேன் கவர், போன் சார்ஜர்.

மார்ச் 24, திங்கள்
வீட்டுக்கு வந்தாயிற்று. கெட்ட கட்டி இல்லை. அழுதோம் இரண்டு பேரும்.
குரல் இல்லை. வெறும் காற்று. குரல் நரம்பு ஒன்று சோர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். மெல்ல வரலாம். ஒன்பது பத்து மாதம் பார்க்க வேண்டும், அதற்குள் வராததை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். இவர் வெளியே போய் டீ வாங்கி வந்தார். எனக்கு எதைக் குடித்தாலும் புரையேறும் என்பது மறந்துவிட்டது.

ஏப். 6, ஞாயிறு
போகவில்லை. வைஷ்ணவி போன் செய்தாள். இவர் பேசினார்.
புடவைக் கடையில் என்னைப் பின்பக்கம் மாற்றிவிட்டார் முதலாளி. புடவை மடிக்கும் வேலை. “கொஞ்ச நாளிக்குத்தான் கலா” என்றார். பதினாறு வருடம் கவுண்டரில் நின்றவள். குரல் இல்லாமல் பட்டுப் புடவை விற்க முடியாது, நியாயம்தான். ஆனாலும்.

ஜூன் 1, ஞாயிறு
அனல். ஊறுகாய் ஜாடி வெயிலில்.
குரல் பயிற்சி: டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ‘ஊ’ என்று ஊத வேண்டும். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். தனியாக ஊத வெட்கமாக இருந்தது. இவரும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். மின்வாரிய ஆபீசில் எல்லோரையும் அதட்டுகிற மனுஷன், தண்ணீரில் குமிழி விடுகிறார். சிரித்துச் சிரித்து மூக்கில் ஏறிவிட்டது. சிரிப்பில் சத்தம் வந்தது! இரண்டரை மாதத்தில் முதல் சத்தம்.

ஆக. 3, ஞாயிறு
தூறல். பேச்சு ஓரளவு வந்துவிட்டது, கொஞ்சம் கரகரப்பு. துணிந்து பெயர் கொடுத்தேன். அதே ஐந்தரை.
இரண்டாவது வரியில் உடைந்தது. மூன்றாவது வரி வரவே இல்லை. பாய் வாசித்துக்கொண்டே இருந்தார், நான் பிடித்துக்கொள்வேன் என்று. மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பின்னால் கைதட்டினார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஆக. 5, செவ்வாய்
பாய் கடை வழியாக வரும்போது கூப்பிட்டார். சுருதியை இறக்கச் சொல்கிறார். “ஒண்ணரைக்கு வாம்மா. அஞ்சரையைத் தேடிகினு இருந்தா பேஜார்தான்.” ஒன்றரை என்றால் ஆம்பிளைகள் பாடுகிற இடம். எனக்கு வேண்டாம் பாய் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நல்ல மனுஷரிடம் முகத்தைக் காட்டிவிட்டேன்.

செப். 11, வியாழன்
கடை போனை எடுத்தேன். சேத்துப்பட்டிலிருந்து ஒரு அம்மா. முகூர்த்தப் புடவை விவரம். எல்லாம் கேட்டுவிட்டு, “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றார்.
சார்.
கழிவறையில் போய் நின்றேன். முதலில் அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. பிறகு பாய் சொன்ன ஒன்றரை ஞாபகம் வந்தது.

செப். 14, ஞாயிறு
பாய் கடைக்குப் போனேன். வாட்ச் பார்க்கக் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றினார், கீபோர்டை எடுத்தார், ஒன்றரை வைத்தார்.
குரல் போய் உட்கார்ந்தது. நாற்காலியில் உட்கார்வதுபோல. முட்டவில்லை, உடையவில்லை. யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. பாட்டு முழுசும் பாடினேன். வாட்சுக்கு வந்தவர் இரண்டு பேர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். இனி ஞாயிறுதோறும் பயிற்சி.

நவ. 2, ஞாயிறு
தீபாவளிக் கூட்டம் ஓய்ந்தது. ஆள் போதாமல் என்னைத் திரும்பக் கவுண்டரில் நிறுத்தினார்கள். நன்றாகவே விற்றேன். இனி அங்கேயே இருக்கட்டும் என்றார் முதலாளி.
மாடியில் ஒன்றரையில் பாடினேன். முழுப் பாட்டு. இறங்கியதும் ஒரு அம்மா, ஜலதோஷமா, மிளகு ரசம் வையுங்கள் என்றார். இவர் சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

டிச. 7, ஞாயிறு
நாள் முழுக்க மழை. மாடியில் ஒன்பது பேர்தான். ஐந்தரை மணிக்குக் கரண்ட் போயிற்று. மைக் இல்லை, கீபோர்டு இல்லை. கலைத்துவிடலாமா என்றாள் வைஷ்ணவி. என் முறை. சும்மா பாடுகிறேன் என்றேன்.
மழைச் சத்தம். என் குரலோ சின்னது. முதல் வரி முடிவதற்குள் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அப்புறம் இன்னொருவர். பாட்டு முடியும்போது எல்லோரும் என் முழங்காலுக்கு அருகில். யாரும் கைதட்டவில்லை. பாய் மட்டும் மெதுவாக, “இன்னொண்ணு பாடும்மா.”
மூன்று பாடினேன்.

ஜன. 2, வெள்ளி
வேலூர். தொண்டையில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அந்த நரம்பு இனி அசையாது. இப்போது இருப்பதுதான் குரல். பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆற்காடு தாண்டி நான்தான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுப் பாட்டு எடுத்திருக்கிறேன் என்று. “பாய்க்கு சொல்லிட்டியா?” என்றார். சொல்லிவிட்டேன் என்றேன்.

ஜன. 4, ஞாயிறு
கோலமாவு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.
மாடி நிறைய ஆட்கள். நின்றுகொண்டும் கேட்டார்கள். புதுப் பாட்டு நன்றாக வந்தது. இரண்டாவது சரணத்தில் ஒரு சறுக்கல், பாய் சமாளித்துவிட்டார்.
கீழே பப்ஸ் வாங்கும்போது ஒரு பெண், கைக்குழந்தையோடு. தேவிகாபுரத்திலிருந்து வந்தாளாம், முதல் தடவை. குழந்தை என் பாட்டில் தூங்கிவிட்டதாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.
“உங்க குரல் எப்பவுமே இப்டித்தானாக்கா?”
“இப்போ இதான்மா” என்றேன்.