பல் தேய்க்காமல் எடுக்கவும்

பாஸ்டன்
4 மார்ச் 2009

அன்புள்ள அத்தானுக்கு, காந்திமதி எழுதுவது.

இத்துடன் ஒரு சின்ன டப்பா வருகிறது. வாயில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வைப் படித்து, யார் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் லேபில் பட்டியல் எடுக்கிறோம். ஒரே வீட்டில் வாழும் தம்பதிக்கு அது பெரும்பாலும் ஒத்துப்போகும். நான் டெல்லியிலிருந்து கிளம்பிய வாரம் எடுத்ததில் நமக்கும் ஒத்துப்போனது. இரண்டு வருஷப் பிரிவுக்குப் பிறகு எப்படி என்று பார்க்க ஆசை. பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்து அனுப்புங்கள். அனுமதிக் காகிதம் உள்ளே இருக்கிறது.

இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள்தான் இங்கே வரவே மாட்டேன் என்றுவிட்டீர்களே, இனி என்னத்தைக் கேட்க!

உங்கள்
காந்திமதி

துவாரகா, டெல்லி
21 மார்ச்

அன்புள்ள காந்திமதிக்கு,

அனுப்பிவிட்டேன். உன்னோடு வேலை பார்ப்பவர்கள் முன்னால் உன் மானம் போகக்கூடாதே! இரண்டு தடவை பல் தேய்த்து, உப்புப் போட்ட வெந்நீரில் நன்றாகக் கொப்பளித்த பிறகுதான் எடுத்தேன். கூரியர் பையன் வாசலில் நின்று ‘ஜல்தி, ஜல்தி’ என்று கத்திக்கொண்டிருந்தான்.

அங்கே வந்து நான் என்ன செய்ய? நீ லேபுக்குப் போனதும் ஜன்னலைப் பார்த்து உட்காரவா? நீயே வந்துவிடேன். வீடு வீடாகவே இல்லை.

ஜோதிலிங்கம்

பாஸ்டன்
15 ஏப்ரல்

அத்தான்,

என்ன மனுஷர் நீங்கள்! அத்தனையையும் கொப்பளித்துத் துப்பிவிட்டு வெறும் பஞ்சை அனுப்பியிருக்கிறீர்கள். மெஷினுக்கு ஒன்றும் அகப்படவில்லை. லேபில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன்.

இன்னொரு டப்பா வருகிறது. காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னால், பல் தேய்க்காமல் எடுங்கள்.

காந்திமதி

பாஸ்டன்
28 மே

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தத் தடவை சரியாக வந்தது. ஆனால் ஒத்துப்போகவில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கும் எனக்கும் எவ்வளவோ, அவ்வளவுதான் நமக்கும். மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

வேலைக் காகிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

காந்திமதி

துவாரகா
9 ஜூன்

அன்புள்ள காந்திமதிக்கு,

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபமான கோபம். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவன் யாரோ ஒருவனா?

கையெழுத்தைப் போடு. ஆசைப்பட்டுப் படித்த படிப்பு, விட்டுவிடாதே.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். மறுபடியும் ஒரே வீட்டில் இருந்தால் ஒத்துப்போக எத்தனை மாதம் ஆகும்? கேட்டு உடனே எழுது. ஆபீஸில் அத்தனை மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

உன்
ஜோதிலிங்கம்