அடிமையானாள் என்று எழுதாதீர்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், இந்தத் தடவை அதைப் பொய் கலக்காமல் எழுத முடிகிறது. நீயும் அங்கே சுகமாக இருந்தால் சுகம் என்று எழுது, இல்லையென்றால் இல்லை என்று எழுது, போனில் குரலை மாற்றிப் பேசி ஏமாற்றாதே, பெற்றவளுக்குத் தெரியாதா. போன வாரம் நீ அழுததிலும் நான் திட்டியதிலும் எந்த விஷயத்தையும் உருப்படியாகப் பேச முடியவில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் நம் வாலுவைப் பற்றி. உன் தங்கை சாப்பிடுகிறாள். காலையில் ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தால் "என் வாயையே பாக்காதம்மா, எண்ணிக்கிட்டா இருக்க"ன்னு முறைக்கிறாள். அந்த முறைப்பு திரும்பி வந்ததே நல்ல அறிகுறி என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். போனில் இளைக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பட்டினி கிடந்து பள்ளிக்கூட மாடிப்படியில் மயங்கி விழுந்தவளா இவள் என்று இருக்கிறது. நேற்று உன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்க்காமலே கடைக்குப் போய் வந்தாள், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தூக்கம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை, நடுவில் விழித்துக்கொண்டு கை தலையணைக்கு அடியில் போனைத் தேடுகிறது, இல்லை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

இதற்கெல்லாம் கேஸ் போட முடியுமா என்று கேட்டாயே. முடியும் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் தையல் ஆலைச் சங்கத்துக்கு வாதாடும் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தோம். டயர் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ், நாற்காலி போதவில்லை, அப்பா நின்றுகொண்டே தலையாட்டினார். வக்கீலம்மா நன்றாகப் புரியவைத்தார். நாம் தனியாக வழக்குப் போடலாம், ஆனால் இழுத்துக்கொண்டே போகும், அந்த வீடியோச் செயலியை நடத்துகிற கம்பெனிக்கு வக்கீல் பட்டாளமே இருக்கிறது. இதே மாதிரி பிள்ளைகள் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து போட்டிருக்கிற வழக்கில் நாமும் சேரலாம், அதுதான் நமக்குத் தோது என்றார். அரசாங்கத்தில் இதையெல்லாம் கண்காணிக்கிற இடத்துக்குப் புகாரும் எழுதலாம், அதில் நமக்கு நஷ்டஈடு வராது, ஆனால் அடுத்த பிள்ளைக்காவது உதவும். எவனோ போட்ட வீடியோவுக்குக் கம்பெனியைப் பிடிப்பது கஷ்டமாம். அந்தச் செயலியை அவர்கள் செய்திருக்கிற விதத்தைத்தான் பிடிக்க வேண்டுமாம். உடம்பை இளைக்க வைப்பதாக ஒரு வீடியோவைப் பார்த்தவளுக்கு அதே மாதிரியே முடிவில்லாமல் ஊட்டியது, தூங்குகிற பிள்ளையை மணியடித்து எழுப்பியது, சின்னப் பெண் என்று தெரிந்தும் விடாதது, இதெல்லாம். வழக்குப் போட காலக்கெடு உண்டு, பிள்ளை வயசுக்குக் கொஞ்சம் சலுகை இருக்கலாம், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் என்றார். "ஒப்புக்கொள்கிறேன்னு பட்டன அமுக்கினது நீதானேன்னு அவங்க கேப்பாங்க, பதிமூணு வயசுப் பிள்ளையோட ஒப்புதல் என்ன ஒப்புதல்னு நாம கேப்போம். ஜெயிப்போம்னு மட்டும் நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றும் சொன்னார். ஜெயிப்போம் என்று சொல்லியிருந்தால் நான் அப்போதே எழுந்து வந்திருப்பேன்.

போனிலும் கணக்கிலும் ஒன்றையும் அழிக்கக் கூடாதாம், அதுதான் சாட்சியாம். உன் அப்பா முந்தின நாள்தான் கணக்கை அழித்தே தீருவேன் என்று உட்கார்ந்து, கடவுச்சொல் தெரியாமல் தன் பிறந்தநாள், வேன் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்துத் தோற்றிருந்தார். அவருக்குத் தெரியாததுதான் நம் அதிர்ஷ்டம். வெளியே வந்ததும் அவருக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. "பள்ளிக்கூட வேன் ஓட்டுறவன் நான், நாளைக்கு எல்லாப் பெத்தவங்களும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பாங்கடி" என்றார். "சிரிக்கிறவங்க பிள்ளையும் உங்க வேன்ல குனிஞ்ச தலை நிமிராமத்தானே வருது" என்றேன்.

எனக்கு இந்தக் கம்பெனிகளின் பேச்சு புதிதில்லை கண்ணு. ஆலையில் ஊசி ஒருத்தி விரலில் ஏறினால் மேற்பார்வையாளன் முதலில் கேட்பது "கண்ணு எங்க இருந்துச்சு" என்றுதான். மெஷினில் விரல் தடுப்பு ஏன் இல்லை என்று ஒருத்தனும் கேட்பதில்லை. ரத்தம் நம்முடையது, கவனக்குறைவும் நம்முடையது, லாபம் மட்டும் அவர்களுடையது. பிள்ளை விஷயத்திலும் அதே பாட்டு, வளர்ப்பு சரியில்லையாம். அவளை உறங்கவிடாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கும்போது, இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து விழுகிற நான் எந்த வளர்ப்பை வளர்க்க?

அதை விடு. அந்தக் கூட்டு வழக்கில் சேருகிற மனு தயாரானதும் மூன்று பேரும் போனோம். வக்கீலம்மா வாசித்துக்கொண்டே வந்தார். "மேற்படி செயலிக்கு மனுதாரரான சிறுமி அடிமையானாள்" என்ற இடம் வந்ததும் வாலு எழுந்துவிட்டாள். "நான் யாருக்கும் அடிமை இல்ல. இதுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டாள். அவளுக்காக நான் போடலாம்தான், ஆனால் அவள் வாய் திறக்காவிட்டால் கேஸ் நிற்காது என்று வக்கீலம்மா கைவிரித்தார். எனக்கு ஆத்திரம். டாக்டர் சீட்டிலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறது என்று வீட்டில் கத்தினேன், "அப்ப எல்லாரும் சேந்து என்னத்தான் சொல்றீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடி தட்டைத் தள்ளத் தொடங்கிவிடுவாளோ என்று பயந்தேன். கேஸே வேண்டாம், பிள்ளை போதும் என்று அப்பாவும் நானும் பேசி முடித்துவிட்டோம்.

அதை அவளிடம் சொல்லப் போனால், துவைத்த துணியை மடித்துக்கொண்டே அவளே ஆரம்பித்தாள். "ஏம்மா, அடிமைன்னு எழுதினா எஜமான் யாருன்னு எழுத வேணாமா? ஆனாள், ஆனாள்னு எழுதியிருக்காங்க. நானா போயி ஆன மாதிரி. ஆக்கினது யாரு?" என்றாள். நானும்தான் அந்த வரியைக் கேட்டேன், காதில் எதுவும் இடறவில்லை.

திரும்பவும் மாடியேறினோம். வக்கீலம்மா கேட்டுவிட்டு, "தன்வினை பிறவினைக்கு நான் ஸ்கூல்ல மார்க் வாங்கினதே இல்ல" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை நேராகப் பார்த்துச் சொன்னார். "மாத்திடறேன். ஆனா ஆக்கினாங்கன்னு எழுதினா அத நிரூபிக்கிற பாரம் நம்ம தலையிலதான். உன்னக் குறுக்கக் கேப்பாங்க. உன் மெசேஜ் பூராவையும் எடுத்துப் படிப்பாங்க. தாங்குவியா?" அதற்கு உன் தங்கை "படிக்கட்டும். அவங்க எனக்கு அனுப்புனதையும் சேத்துப் படிக்கட்டும்" என்றாள். அந்த வரி இப்போது "மேற்படி நிறுவனம் மனுதாரரான சிறுமியை அடிமையாக்கியது" என்று இருக்கிறது. நின்றுகொண்டிருந்த அப்பா சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் போட்டாள், அதற்குக் கீழே நான் போட்டேன்.

இனி உன் வேலை. போனை வாங்கிக் கொடுத்தவன் நீ என்பதால் உன்னிடமிருந்தும் ஒரு வாக்குமூலம் வேண்டுமாம். எப்போது வாங்கினாய், அதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள், லீவுக்கு வந்தபோது என்ன பார்த்தாய், இவ்வளவும் எழுது. வேளைக்குச் சாப்பிடு, சம்பளம் ஏறினால் ஏறியது என்று சொல், நான் பிடுங்கிக்கொள்ள மாட்டேன். நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதர்களும் உனக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என் தங்கமே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்த வாக்குமூலத்தில் எந்த வரியிலும் மன்னிப்புக் கேட்காதே. அதைக் கேட்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வேலையை நீ செய்யாதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா