குமாரு ரூமுக்கு ரப்பர் தரை

ஜூன் 8, திங்கள்

காலையிலேர்ந்தே புழுக்கம். கல்வராயன் மலைப்பக்கம் மட்டும் கருத்துக்கினு நிக்குது, இங்க ஒரு சொட்டு இல்ல.

இந்த வார வேல: மாடி ரூமுக்குத் தரை பாக்கறது. டாக்டரம்மா என் முட்டிய அமுக்கிப் பாத்துட்டு, எடையக் கொறைங்கன்னு சொல்லி மாசம் ஆவுது. ஜிம்முக்குப் போக வெக்கம். மேல தம்பி குமாரு வாங்கிப் போட்ட பெஞ்சு, டம்பெல்ஸ் எல்லாம் சும்மா கெடக்குது. டைல்ஸ் தரை. மேல எதுனா விரிச்சாத்தான் வெயிட்டு தூக்க முடியும்.

இது அம்மாகிட்ட சொன்ன காரணம். நெசம் வேற. போன ஐப்பசியில குமாரு வெள்ளிமலைக்கு பைக்ல போனான். திரும்பல. கரியாலூர் தாண்டி ரோட்டோரம் வண்டி நின்னுச்சு, ஸ்டாண்டு போட்டு, சாவி அதுலயே. ஆளு இல்ல. ஸ்டேஷன்ல கேட்டா இன்னும் "தேடிக்கினு இருக்கோம்"தான். அம்மா அந்த ரூம தெனம் பெருக்கி ஊதுபத்தி கொளுத்துது, என்னமோ செத்தவனுக்குக் கொளுத்தற மாதிரி. எனக்குப் பத்திக்கினு வருது. ஜிம்மாக்கிட்டா அதாவது நிக்கும்.

ஜூன் 9, செவ்வாய்

சேலம் ரோட்டுக் கடை. பாத்தது:

ஃபோம் பாய் – கலரு கலரா. ஏறி நின்னா கால் வெச்ச எடம் பள்ளம். கொழந்தைங்க வெளாட ஆவும்.

வினைல் – மரம் மாதிரி அழகு. இரும்பு வுழுந்தா கிழிஞ்சிடும்.

பிளாஸ்டிக் புல் – நம்ம மூஞ்சிக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்.

ரப்பர் – டயர் நாத்தம். ஆனா ஒழைக்கும்.

கடைக்காரர்: "சத்தம் கேக்கக்கூடாதுன்னா தடிப்பு ரப்பர் போடணும். கீழ யார்னா குடியிருக்காங்களா?"

"நாங்கதாங்க."

"அப்ப மெல்லிசே போதுமே. உங்க சத்தம் உங்களுக்கு இன்னா பண்ணப்போவுது?"

யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன்.

வூட்டுக்கு வந்தா அம்மா மொகம் பளிச்சுன்னு. எத்தினியோ நாள் கழிச்சு தல வாரிக்கினு ஒக்காந்திருக்குது. "சாயங்காலம் குமாரு வந்தான்டி. மேல வெயிட்டு வெச்சான். மொதல்ல டொம்முன்னு ஒண்ணு, அப்பறம் மெதுவா ஒண்ணு."

பூனையா இருக்கும்னேன். ஆனா குமாரு வெக்கறது அப்படித்தான். வலது கையில இருக்கறத டொம்முன்னு போட்டுட்டு, கீழ அம்மா கத்துமேன்னு நெனப்பு வந்து, இடது கையில இருக்கறத மெதுவா வெப்பான்.

ஜூன் 11, வியாழன்

மழைக்காத்து. ஜெராக்ஸ் கடைய சீக்கிரமே சாத்திட்டு வந்துட்டேன். ஹால்ல டீ. அம்மா எதிர்ல.

டொம்.

கொஞ்சம் கழிச்சு, மெதுவா ஒண்ணு.

அம்மா மேல பாத்து சிரிச்சுது. "கேட்டியா?"

ஓடினேன். ரூம் பூட்டினது பூட்டினபடி. தொறந்தா டம்பெல்ஸ் ரெண்டும் ஸ்டாண்டுல. அம்மா தரையத்தான் பெருக்கும், அதுங்களத் தொடாது. இரும்பு மேல தூசி அப்படியே, ஒரு வெரல் தடம் இல்ல.

எறங்கி வந்தா அம்மா சந்தோஷமா வெளக்கு ஏத்திக்கினு இருக்குது. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். இங்க எழுதறேன். உசுரோட இருக்கறவன் வாசல்ல செருப்ப வுட்டுட்டு, பசிக்குதுன்னு கத்திக்கினு வருவான். பூட்டின ரூம்ல வந்து வெயிட்டு தூக்க மாட்டான். அந்த சத்தம் குமாருன்னா, குமாரு உசுரோட இல்ல.

அது அவனா இருக்கக்கூடாது. எனக்கு பயமா இருக்குது.

கடைக்கு போன் போட்டேன். "இருக்கறதுலயே தடிப்பு எதுங்க? அதக் குடுங்க."

ஜூன் 13, சனி

சின்னசேலத்து ஆளு வந்து மத்தியானத்துக்குள்ள விரிச்சுட்டாரு. அடியில ஒரு ஷீட்டு, மேல ரப்பர். ஒட்டல. "அதோட கனத்துக்கே புடிச்சுக்கும்." அவரே ஒரு டம்பெல்ஸ எடுத்துப் போட்டுப் பாத்தாரு. நான் கீழ ஹால்ல நின்னேன். ஒண்ணும் கேக்கல. "யான வந்து குதிச்சாலும் கேக்காதுங்க."

அம்மா அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல. நான்தான் குடுத்தேன். வூடு பூரா டயர் நாத்தம்.

ஜூன் 16, செவ்வாய்

சத்தமே இல்ல. நல்ல தூக்கம். காலையில மொத தடவ மேல போய் ஒடம்ப வளைச்சேன். பத்து தடவ ஒக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு.

அம்மா சோத்தப் பெசஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுடுது. சாயங்காலமானா ஹால்ல தலைய நிமித்திக்கினே ஒக்காந்திருக்குது.

ஜூன் 18, வியாழன்

மலையில நல்ல மழையாம். கோமுகி டேமுக்குத் தண்ணி வருதுன்னு பஸ் ஸ்டாண்டுல பேச்சு.

காலையில அம்மா பீரோவுலேர்ந்து குமாரு போட்டோவ எடுத்து நீட்டுச்சு. "பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டுக்கினு வா. மாலை போடணும்."

"இன்னாம்மா பேசற?"

"வந்துக்கினு இருந்தான். இப்ப வர்றதில்ல. போய்ட்டான்டி. நீதான் தரைய மூடிட்டியே." கத்தல, அழல.

சத்தம் வந்தாலும் செத்தவன், வரலன்னாலும் செத்தவன். நான் இன்னாதான் பண்றது?

ஸ்டுடியோ வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அவன் போட்டோவுல மாலைய என்னால பாக்க முடியாது.

சாயங்காலம் சொல்லாம மேல போனேன். ரப்பரோட ஓரத்தப் புடிச்சு இழுத்தேன். நகம் பேந்துடுச்சு. டைல்ஸ் தெரியற வரைக்கும் மடிச்சேன். ஒரு டம்பெல்ஸ ரெண்டு கையாலயும் தூக்கிப் போட்டேன். டொம். டைல்ஸ் விரிசல் வுட்டுடுச்சு, போவட்டும்.

அடுத்தத மெதுவா வெக்கணும். அவன மாதிரி வெக்க மனசு வரல. இன்னொன்னத் தொடவே இல்ல, ஸ்டாண்டுலயே வுட்டுட்டேன். இதுவே போதும், அம்மா நம்பிடும்னு பூட்டிக்கினு எறங்கினேன்.

ஹால்ல அம்மா அழுதுக்கினே சிரிக்குது. போட்டோவக் குடு, உள்ள வெச்சுடலாம்னுது.

"மொத சத்தம் ஒரு மாதிரியா இருந்துச்சு. அது நீதானே?"

போட்டோவ எடுத்துக் குடுத்தேன்.

"பரவால்ல வுடு. நீ படியெறங்கறப்ப ரெண்டாவத மெதுவா வெச்சான் பாரு. அது அவன்."