தவிட்டுக்கு வாங்கிய பேரன்

சுனாமி வந்ததற்கு மறுவருஷம், ஆடிச் செவ்வாய், இரவு.

இரட்டைப் பேரன்களில் இளையவன் இன்று வகுப்பில் ஒரு பையனைக் கடித்துவிட்டான். அவன் அப்பன் பட்டாசு லோடோடு வடக்கே போயிருப்பதால் பள்ளிக்கூடத்துக்கு நான் போனேன்.

"ரெண்டு பேரும் ஒரே சாடைன்னு யார் சொன்னாலும் அடிக்கான், கடிக்கான் தாத்தா" என்றார் டீச்சர். "கேட்டா, 'நான் அவன்கூடப் பொறக்கல, என்னையத் தவிட்டுக்கு வாங்குனாக'ங்கான். யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"சின்னப்பயலுக கேலியா இருக்கும், டீச்சர்."

பேரன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். காட்டிக்கொடுக்கவில்லை.

சேட்டை செய்தால் "ஏலே, தவிட்டுப்பயலே" என்று ஏசுவது நான்தான். பிறந்தபோது நோஞ்சானாக இருந்தான். பிழைக்கட்டும் என்று பக்கத்து வீட்டில் கொடுத்து, படித் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினோம். வெறும் சடங்கு.

வரும் வழியில், "நீ எங்க புள்ளதாம்லே" என்றேன்.

"டீச்சர்ட்டயும் பொய்தான சொன்னீக" என்றான்.

இனி என் பேச்சு அவனிடம் எடுபடாது. பெற்றவள் உயிரோடு இல்லை. என் வீட்டுக்காரியும் போய்விட்டாள். அவன் அப்பன் தவிட்டுக்கு வாங்கிய அன்றைக்கும் லோடோடுதான் போயிருந்தான். விடிந்ததும் சாத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டும். அன்று அவனை மடியில் வாங்கித் திருப்பித் தந்தவள் அங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் அவள் ஒருத்திதான், பேச்சியம்மாள்.