சில்வர் பெயிண்டுக்கு அடியில் இருந்த அம்பு

செவ்வாய், சாப்பிட்ட பிறகு.

பெரியபாளையம் ரைஸ் மில் முதலாளியின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இன்று மூன்றாவது முறையாக என் பட்டறைக்கு வந்தது. வேகம் எழுபதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் அதே நடுக்கம். வீல் பேலன்ஸ் செய்தாயிற்று, கியர்பாக்ஸ் ரப்பரையும் மாற்றியாயிற்று. எனக்கே என் மேல் எரிச்சல்.

பின் சக்கரத்துக்குப் போகிற, இரண்டு துண்டாகப் பிரியும் ஷாஃப்டைக் கழற்றி மேசையில் கிடத்தினேன். இரண்டு முனைகளும் ஒரே வாட்டத்தில் இல்லை. பெயிண்டைச் சுரண்டினால், நேருக்கு நேர் நிற்க வேண்டிய இரண்டு அம்புக்குறிகளும் விலகிக் கிடக்கின்றன. அந்த சில்வர் பெயிண்ட் நான் அடித்ததுதான். ஆயுத பூஜைக்கு, கிரீஸ் வைக்கப் பிரித்துப் போட்டிருந்த ஷாஃப்டுகளுக்கெல்லாம் அடித்துப் பொட்டும் வைத்தேன். குறி மறைந்துபோக, கைக்கு வந்தபடி பூட்டிவிட்டேன்.

அம்புகளைச் சேர்த்துப் பூட்டியதும் எளாவூர் செக்போஸ்ட் வரை முதலாளியே ஓட்டினார். தொண்ணூறிலும் நடுக்கமில்லை.

"இன்னா மேஸ்திரி, வழுக்கிக்கினு போவுது! இன்னா கோளாறு அது?"

"ஷாஃப்ட்லதான் மொதலாளி. சரி பண்ட்டேன்."

யார் செய்த கோளாறு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடிக்க இந்தப் பக்கம் என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் அதே டப்பாவிலிருந்து நான்கு லாரி ஷாஃப்டுகளுக்கும் அடித்தேன். லாரிக்காரர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை. லோடு லாரியில் எது ஆடுகிறதென்று யாருக்குத் தெரியும்? வண்டிக்கு ஒரு மணி நேர வேலை, முடித்துவிடுவேன். காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் நான்கு பேருக்கும் போன் போட வேண்டும்.

ஆனால் முதல் போன் முதலாளிக்கு, அவர் கேட்காததைச் சொல்ல.